மீர்சாலத்தின் தொண்ணூறாவது நாள்

மீர்சாலம் லாரி ஓட்டுபவன். கராச்சித் துறைமுகத்திலிருந்து காபூல் வரை ஓட்டிய காலத்தில் வழிப்பறிக்காரர்களிடம் இரண்டு முறை அடி வாங்கியவன், ஒரு முறை நன்றாகத் திருப்பிக் கொடுத்தவன். பத்து வருஷமாகச் சவூதியின் தம்மாமில் இரும்புக்கம்பி ஏற்றும் டிரெய்லர் அவன் வண்டி. அவனை இங்கே வரவழைத்தவன் அஸ்மத். பெரியப்பா மகன், அதே கம்பெனியில் ஃபோர்மேன். இவர்களைப் போன்ற பஷ்தூன்கள், அதாவது பட்டாணியர்கள், பெரியப்பா சித்தப்பா மகனை எந்தச் சொல்லால் அழைக்கிறார்களோ, அதே சொல்தான் எதிராளிக்கும். நம் ஊரில் பங்காளி என்று சொல்லும்போதே சிலர் பல்லைக் கடிப்பார்களே, அந்த ரகம்.

சண்டை டயரில் தொடங்கியது. வழுக்கையாகிப்போன டயர்களை மாற்றச் சொல்லி மீர்சாலம் மூன்று முறை கேட்டான்.

"ஓட்டறவனுக்கு தைரியம் இருந்தா டயர் எதுக்குடா?" என்றான் அஸ்மத்.

அந்த வாரமே ரியாத் சாலையில் மீர்சாலத்தின் கூட்டாளி டிரைவர் லால்ஸாதாவின் முன்டயர் வெடித்தது. வண்டி நின்றது, கம்பி நிற்கவில்லை. கட்டு அறுந்து கேபினைத் துளைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. பின்வண்டியில் வந்த மீர்சாலம்தான் அவனை வெளியே இழுத்தான். முழு ஆளாக இழுக்க முடியவில்லை. அன்றைக்கே இந்த முதலாளி வேண்டாம் என்று முடிவெடுத்தான்.

முன்பென்றால் முதலாளி விடாமல் டிரைவர் அசைய முடியாது. இப்போது சட்டம் கொஞ்சம் இளகியிருக்கிறது. வேறு கம்பெனி இணையத்தில் கேட்க, டிரைவர் சம்மதம் என்று தட்ட, தொண்ணூறு நாள் நோட்டீஸ் ஓடி முடிந்தால் ஆள் கைமாறலாம். ஆனால் அந்தத் தொண்ணூறு நாளும் பழைய இடத்தில் வேலைக்கு நின்றாக வேண்டும். 'வேலைக்கு வரவில்லை, ஓடிவிட்டான்' என்று முதலாளி புகார் தட்டிவிட்டால் அதற்குப் பெயர் ஹுரூப். மாறுதல் நிற்கும், போலீஸ் தேடும், கைவிலங்கோடு ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். கதவைத் திறந்துவிட்டு வாசலில் நாயைக் கட்டிவைத்த மாதிரி ஒரு சட்டம்.

வருகைப்பதிவு எழுத்தர் இத்ரீஸ், சூடான்காரர், நல்ல மனுஷன். அவர்தான் மீர்சாலத்திடம் சொன்னார். "கான், தினம் காலையில ஆறு மணிக்கு மெஷின்ல விரல வை. அதுல பேரு இருந்தா ஓடிட்டான்னு சொல்ல முடியாது. எவன் அடிச்சாலும் திருப்பி அடிச்சிடாதே. கேஸாயிட்டா உள்ளதும் போச்சு."

விரல் வைப்பது சுலபம். திருப்பி அடிக்காமல் இருப்பதுதான் பஷ்தூனுக்கு உயிர் போகிற வேலை. அஸ்மத்துக்கு அது தெரியும். தான் கொண்டுவந்த ஆளே விட்டுப்போனால் முதலாளி முன்னால் அவன் மூக்கறுபடும். அதனால் வண்டியைப் பிடுங்கினான், முற்றம் கூட்ட வைத்தான். பன்னிரண்டாம் நாள் எல்லோர் முன்னாலும் அறைந்தான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டை உதைத்தான். நாற்பதாம் நாள் கம்பித்துண்டால் விலாவில் போட்டான். மீர்சாலம் மணலில் சுருண்டு, மூச்சு வராமல் கிடந்தான். எழுந்ததும் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"என்னய்யா, கைக்கு வளையல் வாங்கித் தரவா?" என்று கூட இருந்த டிரைவர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வி விலாவைவிட அதிகம் வலித்தது.

எண்பத்தொன்பதாம் நாள் சாயங்காலம், டிரெய்லரின் பக்கக் கதவுக்குக் கொக்கி போடக் கூப்பிட்டான் அஸ்மத். போன இடத்தில் இரண்டு தடியன்கள் மீர்சாலத்தைப் பின்னாலிருந்து அமுக்கினார்கள். அஸ்மத் அவன் வலது கையை இழுத்து டிரெய்லர் தளத்தின் விளிம்பில் வைத்து, இரும்புக் கதவை ஓங்கி அடித்தான். ஒரு முறை. பிறகு இன்னொரு முறை. எலும்பு நொறுங்கிய சத்தம் மீர்சாலத்தின் காதிலேயே விழுந்தது. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் கூழாகிவிட்டன.

"நாளைக்கு எந்த விரலடா வைப்பே? வை, பாக்கறேன்" என்றான் பங்காளி.

ஆஸ்பத்திரிக்குப் போனால் காலைக்குள் விடமாட்டார்கள் என்று பயந்து, மீர்சாலம் கையைத் தலைப்பாகைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஆறு மணிக்கு அலுவலக வாசலில் நின்றான். துணியிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அஸ்மத் மெஷினுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

மீர்சாலம் இடது கையின் சுண்டுவிரலை நீட்டி வைத்தான்.

"ஷுக்ரன்" என்று அரபியில் நன்றி சொன்னது மெஷின்.

அஸ்மத்துக்கு வாய் பிளந்தது. விஷயம் இவ்வளவுதான். சங்கிலியும் கம்பியும் இழுத்து இழுத்து டிரைவர்களுக்குக் கைரேகை தேய்ந்துபோகும். மெஷின் வந்த அன்று மீர்சாலத்தின் பத்து விரலையும் இத்ரீஸ் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். சுண்டுவிரல் ஒன்றைத்தான் அது ஏற்றுக்கொண்டது. பாதி டிரைவர்களுக்கு அப்படித்தான், ஆளுக்கொரு விரல். அஸ்மத்தும் ஒரு காலத்தில் சங்கிலி இழுத்தவன்தான். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுக்குக் கட்டைவிரல் வெண்ணெயாகிவிட்டது. உலகத்துக்கே அப்படித்தான் என்று நினைத்துவிட்டான், மடையன்.

அவன் கம்பியை எடுத்துக்கொண்டு மெஷின்மேல் பாய்ந்தான். "உடை, உடை. பதிவு எப்பவோ மேல போயிடுச்சு" என்றார் இத்ரீஸ், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த மீர்சாலத்தின் போனுக்குச் செய்தி வந்தது. புதுக் கம்பெனிக்கு ஆள் மாறியாகிவிட்டது. கையில் மாவுக்கட்டோடு நேராகப் பழைய முற்றத்துக்குப் போனான்.

"அண்ணே, இப்ப நான் உங்க ஆள் இல்ல" என்றான். நெற்றியாலேயே அஸ்மத்தின் மூக்கில் ஒரு மோது. மூக்கு உடைந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. "இது எனக்கில்ல, லால்ஸாதாவுக்கு." புத்திசாலி செய்கிற காரியமில்லைதான். ஆனால் கதை சொல்கிற எனக்கு நிறைந்த சந்தோஷம். அஸ்மத் புகார் கொடுக்கவில்லை. மூக்கைப் பற்றிப் பேசினால் கையைப் பற்றியும் கேட்பார்கள்.

புதுக் கம்பெனியில் மேலாளர் கட்டைப் பார்த்துவிட்டு, "மொதல்ல கை ஆறட்டும். வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்.

மீர்சாலம் தனக்கு ஒதுக்கிய வண்டியைச் சுற்றி வந்தான். முன்டயரின் அருகே குந்தி உட்கார்ந்து, இடது சுண்டுவிரலை அதன் பள்ளத்தில் விட்டுப் பார்த்தான். நகம் முழுக்க உள்ளே போனது, தேயாத டயர். தொண்ணூறு நாள் அடியில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. டயரில் தலையை முட்டுக்கொடுத்து, லால்ஸாதாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதான்.