நான்கு மடிப்புக் காதுறை

என் கல்யாணத்தில் நான் அதிகம் கவலைப்பட்டது ஒரு குதிரையின் காதுகளைப் பற்றித்தான். பெண்ணைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பாகலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், அவளும் என்னைப் பார்த்திருந்தாள், இரண்டு பக்கமும் சம்மதம். ஆனால் அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை குதிரைமேல்தான் வரவேண்டும். முன்னால் மேளம், அதற்கும் முன்னால் சரவெடி. குதிரை நேராகப் பெண் வீட்டுப் பந்தல் வாசலில் வந்து நிற்க வேண்டும். நிற்காமல் வாசலைத் தாண்டிவிட்டால், மாப்பிள்ளை பெண்ணை வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். நிச்சயத்தன்று பெண்ணின் அத்தை இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. ஓசூரில் ஒரு புளி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எட்டு மூட்டை என்று சொன்னால் எட்டுத்தானா என்று மூன்று தடவை எண்ணிப் பார்க்கிறவன். குதிரைமேல் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

குதிரை எங்கள் தெருக்கோடியில் ஜட்கா ஓட்டிய பாயுடையது. அதற்குக் கடிவாளம் பேருக்குத்தான். பாய் “ஹோ” என்றால் நிற்கும், நாக்கைச் சொடுக்கினால் நடக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் பாகலூர்ச் சந்தைக்குப் போய் வந்த குதிரையாகையால் வழியும் அதற்குத் தெரியும்.

“பட்டாளத்துக் குதிரெ சாமி இது. பீரங்கி வெடிச்சாலும் காத ஆட்டாது,” என்றார் பாய், எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என் அக்காவின் கையிலிருந்து ஒரு குண்டான் நழுவிக் கல்லில் விழுந்தது. குதிரை வண்டியோடு பின்வாங்கி எங்கள் வேலியில் போய் இடித்தது.

“பீரங்கிக்குப் பயப்படாது, குண்டானுக்கு மட்டுந்தான் பயப்படுமா பாய்?” என்றாள் அக்கா.

“பட்டாளத்துல குண்டான் கெடயாதும்மா,” என்றார் பாய், முகம் மாறாமல்.

காதுகளுக்கு உறை போடுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். பஞ்சை உருட்டிக் காதுக்குள் அடைத்தால் போதாதா என்று கேட்டதற்கு, “உள்ள எறங்கிட்டா யாரு எடுக்கறது? உங்க மண்டி மொதலாளியா?” என்றார் பாய். அது நியாயமாகப் பட்டது.

தையல்காரரிடம் அங்குல நாடா இரவல் வாங்கிக் காதுகளை அளந்தேன். இடது காது ஏழு அங்குலம். வலது காது ஆறரை. மறுபடி அளந்தேன், ஆறரைதான்.

“இத்தினி வருசமா ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்திச்சு. நீங்க அளந்துதான் கொறஞ்சிபோச்சு,” என்றார் பாய். நாடாவைச் சுருட்டி என் கையில் திணித்தார்.

முதலில் கோணித் துணியில் ஒரு ஜோடி செய்தோம். குதிரை அரித்துப்போய் வேலிக்காலில் தலையைத் தேய்த்தது. அடுத்தது பழைய காக்கித் துணி. அது விறைப்பாக நின்றதால் காதைத் திருப்ப முடியாமல் குதிரை தலையையே திருப்பித் திருப்பிப் பார்த்தது. கம்பளி நூல் மெத்தென்று இருந்தாலும் உள்ளே வியர்த்தது. கடைசியில் வெளியே பருத்தி நூலில் அக்கா கொக்கி ஊசியால் பின்னிய உறை, உள்ளே துவைத்துத் துவைத்து மிருதுவான என் பழைய வேட்டித் துணி, நடுவில் பஞ்சு என்று தீர்மானமாயிற்று.

“பஞ்சு ரெண்டு மடிப்பு போதும்டா,” என்றாள் அக்கா.

“சரவெடி எவ்ளோ நீளம்னு தெரியுமா உனக்கு?”

“எவ்ளோ நீளமா இருந்தாலும் ஒவ்வொண்ணாத்தானே வெடிக்கும்?”

நான் கேட்கவில்லை. நான்கு மடிப்பு வைத்தேன். இடது உறைக்குச் சிவப்புக் குஞ்சம், வலதுக்குப் பச்சை. அளவு வேறாயிற்றே, மாறிவிடக் கூடாது.

தினமும் சாயங்காலம் பழக்கினோம். கொள்ளு வைத்து, காதின் அடியிலிருந்து மேல்நோக்கித் தடவிக்கொடுத்து, முதலில் ஒரு காது, அது தலையை ஆட்டி முடித்த பிறகு மற்றது. நாடாவை நெற்றிப்பட்டையில் ஒரு சுருக்கு மட்டும் போட்டுக் கட்டுவோம், இழுத்தால் கழன்றுவிடும். கடைசி நாளன்று அக்கா குதிரைக்குப் பக்கத்திலேயே குண்டானை வேண்டுமென்றே போட்டாள். குதிரை கொள்ளைத் தின்றுகொண்டே இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று இரண்டு சோளக்களி உருண்டை அதிகம் சாப்பிட்டேன்.

ஊர்வலம் அமர்க்களமாகப் புறப்பட்டது. பாகலூர் எல்லையில் பாய் காதுகளுக்கு உறை மாட்டினார், சரவெடி கொளுத்தினார்கள். மேளக்காரர்கள் ஒதுங்கினார்கள், மாடுகள் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடின. என் குதிரை மட்டும் ஒரு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. ஏழு அங்குலம், ஆறரை அங்குலம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

எல்லையிலிருந்து பெண்ணின் அண்ணன்தான் குதிரையைப் பிடித்துவர வேண்டும், குதிரைக்காரர் பின்னால் வரவேண்டும். அதுவும் அவர்கள் வழக்கம். மைத்துனர் மாடு பூட்டுகிறவர், குதிரை என்றால் பயம். கயிற்றின் நுனியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு எட்டத்தில் நடந்தார்.

பந்தல் தெரிந்தது. வாழைமரம் தெரிந்தது. ஆரத்தித் தட்டோடு பெண்ணின் அத்தை தெரிந்தார்.

“ஹோ!” என்றார் பாய் பின்னாலிருந்து. குதிரை நடந்தது.

“ஹோ! ஹோ!”

குதிரைக்குக் கேட்டால்தானே. சந்தைக்குப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி அதன் நினைவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. மைத்துனர் மாட்டுக்குச் சொல்வதையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டுக் கயிற்றை விட்டுவிட்டார். ஜனங்கள் “நில்லு” என்றார்கள், “நில்லி” என்றார்கள், “ஆகு” என்றார்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, மூன்று பாஷையிலும் நிற்கவில்லை. மேளக்காரர்கள் பாவம், குதிரை போகிற பக்கமே வாசித்துக்கொண்டு வந்தார்கள்.

“அய்யோ, தாண்டுது! மாப்பிள்ளெ வேண்டாங்கறாரு!” என்று யாரோ கூவினார்கள்.

“நான் சொல்லல! குதிரெதான் சொல்லுது!” என்று கத்தினேன்.

உறையைக் கழற்ற வேண்டுமானால் சேணத்தை விட வேண்டும். அதை எல்லையிலிருந்தே இரண்டு கையாலும் பற்றியிருந்தேன். வாசலின் அந்தப் பக்கத்து வாழைமரத்துக்கு நேராகக் குதிரையின் மூக்கு வந்துவிட்டது. விட்டேன். கழுத்தின்மேல் குப்புற விழுந்து சிவப்புக் குஞ்சத்தைப் பிடித்து இழுத்தேன். காது வெளியே வந்து ஒரு சுழற்று சுழன்றது.

“ஹோ!”

நின்றது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தேன், தலைப்பாகை போன இடம் தெரியவில்லை.

இப்போது வழக்கு வந்தது. தாண்டியதா, இல்லையா? மைத்துனர் தாண்டியது என்றார், பாய் இல்லை என்றார். அத்தை ஆரத்தித் தட்டை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு அந்த வாழைமரத்தடியில் நின்று ஒரு கண்ணை மூடி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார்.

“குதிரெக்கு முன்னங்கால் ரெண்டும் அக்கட்டால இருக்குது. மாப்பிள்ளெ உக்காந்த எடம் இக்கட்டாலதான்.”

“அவரு தல அக்கட்டால இருக்குதே, அத்தெ?” என்றார் மைத்துனர்.

“தலயா பொண்ணக் கட்டிக்கப்போவுது? எறங்குங்க மாப்பிள்ளெ, கற்பூரம் அணையுது.”

இறங்குவதற்கும் இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. சன்னலுக்குள்ளிருந்து பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. யார் சிரிப்பு அதிகம் என்று மறுநாள் தாலி கட்டிய பிறகு தெரிந்துகொண்டேன். இன்னமும் அதே சிரிப்புத்தான்.

நான்கு மடிப்பு தப்பில்லை என்பதுதான் இன்றும் என் கட்சி. வெடிக்காகச் செய்தது, வெடியைத் தடுத்தது. வெடி முடிந்ததும் எல்லையிலேயே ஒரு பக்கத்தைக் கழற்றிவிடச் சொல்லியிருந்தால் போதும். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஓசூர்க் குளிருக்கு இப்போது நான் காதை மூடும் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிடக் கூப்பிடும்போது என் மனைவி கத்துவதில்லை. பக்கத்தில் வந்து, இடது பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, “ஹோ” என்கிறாள்.