கேட்காமல் போன ‘வேண்டாம்’

1991இல் படப்பையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸும் ஒரு பழைய ஜீப்பும் உண்டு. ஜீப்பின் பின்னால் ஏரியலாக எட்டடிக் கம்பி. அதன் நடுவே நானே சுற்றிய காயில். குட்டைக் கம்பியை நெட்டைக் கம்பிபோல வேலை செய்ய வைப்பது அதுதான். ஆனால் மகா தொட்டாற்சிணுங்கி. பக்கத்தில் தகரக் கொட்டகை இருந்தாலும், ஆள் நெருங்கினாலும் கெட்டுவிடும்.

ஆயுத பூஜையன்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். காயிலுக்கு மட்டும் வைக்கவில்லை, ஈரம் ஆகாதே. பெரிய கெட்டிக்காரன்போல அதற்கு ஜிகினா மாலை சுற்றினேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பிற்பகல், ஒரகடம் பக்கத்து ஏரிக்கரை கசிகிறது என்று ஆள் வந்தது. கரைக்குக் கீழே ஒரு தெருவே குடியிருந்தது. டெலிபோன் வேலை செய்யவில்லை. தாம்பரத்தில் லாரி வைத்திருந்த நண்பரும் ரேடியோக்காரர். தினமும் நாலு மணிக்குப் பேசிக்கொள்வோம். கரையைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ரேடியோவில் அவரிடம் மணல் மூட்டை கேட்கலாம் என்று ஜீப்பில் கிளம்பினேன். வழியில் தரைப்பாலத்தைத் தண்ணீர் மூடியிருந்தது. சுற்றிக்கொண்டு கரைக்குப் போனேன்.

நாலு மணிக்கு மைக்கை எடுத்துப் பேசத் தொடங்கினால், சிக்னல் வெளியே போவதைக் காட்டும் மீட்டர் முள் ஏறியது. வாக்கியம் முடிவதற்குள் சரிந்தது. தகரக் கொட்டகையைச் சந்தேகித்து ஜீப்பை நகர்த்தினேன். மின்கம்பியைத் திட்டினேன். கடைசியில் ஜனங்கள்மேல் பாய்ந்தேன்.

“தள்ளி நில்லுங்கய்யா! நீங்க நின்னா சிக்னல் போவுது!”

“இன்னா சார், கரை கரைஞ்சிக்கினு கீது, எங்கள தொரத்தறியே!” என்றார் மண்வெட்டியோடு நின்ற ஒருவர். ஆனாலும் விலகினார்கள். நான் மைக்கில் நண்பரைக் கூப்பிட்டேன்.

“மணல் மூட்டை ஏத்திக்கிட்டு வாங்க. தரைப்பாலம் வழியா வர வேண்டாம். ஓவர்.”

“சரி. மூட்டை. தரைப்பாலம். இப்பவே கிளம்பறேன்.”

புரிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடி கூப்பிட்டேன். பதில் வரவில்லை, அவர் எழுந்து போய்விட்டிருந்தார்.

காயிலைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. ஜிகினா உருகி அதன்மேல் அப்பியிருந்தது. ஊரையே விரட்டினேனே, பளபளக்கும் அலுமினியத்தை அதன் கழுத்தில் கட்டியவன் நான்தான். பேசப் பேசச் சூடேறி, ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் அது விழுங்கியிருக்கிறது. நம் பேச்சில் ‘வேண்டாம்’ வாலில்தானே வருகிறது.

ஜீப்பை விரட்டிக்கொண்டு தரைப்பாலத்துக்குப் போனேன். லாரி ஒருக்களித்துக் கிடந்தது. நண்பர் அதன் பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். லாரியை ஓட்டி வந்த டிரைவரைக் காணவில்லை. கரையை ஊர்க்காரர்களே மண்ணைக் கொட்டிக் காப்பாற்றிவிட்டார்கள். டிரைவர் மறுநாள் முள்செடிகளுக்குள் பிணமாகக் கிடைத்தார்.

“தரைப்பாலம் வழியா வரச் சொன்னது நீங்கதானே?” என்று நண்பர் கேட்டார்.

“வர வேண்டாம்னுதான் சொன்னேன். மழையில சிக்னல் போயிடுச்சு,” என்றேன்.

டிரைவரின் மனைவியிடம் நண்பர் அப்படியே சொன்னார். மழை, சிக்னல், யார்மேலும் தப்பில்லை என்று. அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.