குன்-யாவ் வாங்காத கணினி

எங்கள் சான்சோங் சந்தில் புதுக் கணினி வாங்க நினைப்பவர்கள் நேராகக் கடைக்குப் போவதில்லை. நாலு மாடி ஏறி, முதலில் கோ குன்-யாவைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவருக்கு உத்தியோகம் லிஃப்ட் பரிசோதனை. தைபேயில் உள்ள லிஃப்டுகளின் தலைமேல் ஏறி நின்று, இரும்புக் கயிற்றைத் தட்டிப் பார்த்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுகிற மனிதர், குடியிருப்பதோ லிஃப்டே இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். அதைப் பற்றிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும். கணினியைப் பற்றிக் கேட்டால் நமக்குத் தேநீர் வரும்.

வந்தவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ப்ராசஸர், மதர்போர்டு, ராம், பவர் சப்ளை என்று எல்லாவற்றையும் எழுதி நீட்டிவிடுவார். இந்தப் பட்டியலை எங்கள் பக்கத்தில் மெனு என்றுதான் சொல்வோம். நல்ல பிள்ளைகள் தங்கள் மெனுவை இணைய மன்றத்தில் போட்டு, முன்பின் தெரியாதவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, திருத்திய பிறகுதான் குவாங்ஹுவா கணினிச் சந்தைக்குப் போவார்கள். அந்த மன்றத்திலும் குன்-யாவ் பெரிய தலை. 'துருப்பிடித்த மின்விசிறி' என்ற பெயரில் பதினோரு வருடமாக ஊரார் மெனுவையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார். தெருமுனை நூடுல்ஸ் கடைக்காரம்மாவுக்கு அவர் சொன்ன பெட்டி இன்றைக்கும் எண்ணெய்ப் புகைக்கு நடுவே ஓடுகிறது. பெட்டிக்குள் ஏழு நிறத்தில் விளக்கு எரிய வேண்டும் என்று கேட்ட பல் டாக்டரை, நோயாளியின் வாய்க்குள் விளக்கடித்தால் போதும் என்று சொல்லி அனுப்பியவரும் அவர்தான்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் என்ன கணினி இருந்தது என்று கேட்கிறீர்களா? பதின்மூன்று வயதான ஒரு கிழட்டுப் பெட்டி. அதை எழுப்பிவிட்டு, அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தால் சரியாக இருக்கும்.

வாங்கக்கூடாது என்றில்லை. அவர் ஒவ்வொரு வருடமும் வாங்கத்தான் போகிறார். வசந்தத்தில் மெனு எழுதுவார். ஜூன் கணினிக் கண்காட்சியில் புதிது ஏதோ வருகிறதாம் என்று நிறுத்தி வைப்பார். ஜூனில் வந்தது ஆகஸ்டில் சூடாகிறது என்று யாராவது எழுதுவார்கள். நவம்பர் தள்ளுபடிக்குக் காத்திருப்பார். நவம்பரில், இன்னும் இரண்டு மாதத்தில் அடுத்த தலைமுறை வருகிறதே, இப்போது எந்த முட்டாள் வாங்குவான் என்பார். இந்த மாதிரி ஆட்களை மன்றத்துப் பொடியன்கள் காத்திருப்போர் கட்சி என்பார்கள். எங்கள் சந்தில் அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவரே, தொண்டரும் அவரே.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசை ஆசையாக ஒரு கணினி வாங்கினார். வாங்கிய இரண்டாம் வாரமே அதைவிட இரண்டு மடங்கு வேகமான ஒன்று சந்தைக்கு வந்தது. கூட வேலை பார்த்தவர்கள் வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. கல்யாணத்துக்கே நாலு வருடம் யோசித்தவர்தான். கடைசியில் கட்டிக்கொள்ள இருந்த பி-யுன்தான் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒரு நாளைக் குறித்து, அடுத்த மாடல் வருமென்று காத்திருந்தால் நான் கிளம்புகிறேன் என்று சொன்னாள். அன்றைக்கு மனிதர் வேகமாகத் தலையாட்டினார் என்று கேள்வி.

அந்த பி-யுன்னுக்குத்தான் இந்த வசந்தத்தில் இக்கட்டு வந்தது.

கோயில்களுக்குப் பூத்தையல் திரை தைத்துக் கொடுக்கும் பட்டறைக்காக, வீட்டிலிருந்தே படம் வரைவது அவள் வேலை. ஊசி எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும் என்று ஒவ்வொரு தையலையும் கணினியில் வரைந்து கொடுத்தால், பட்டறையில் இயந்திரம் தைத்துவிடும். பத்தொன்பது வருடமாக மேகமும் தாமரையும் ஓரப்பூவுமாக வரைந்தவளுக்கு, யீலான் பக்கத்து மாஸு என்ற கடலம்மன் கோயிலிலிருந்து பெரிய வேலை வந்திருந்தது. சாமி மேசைக்கு முன்னால் கட்டும் திரை. எட்டடி அகலம், இரண்டு டிராகன். மூலையில் வரைந்தவர் பெயரையும் தைப்பார்களாம். அவள் பெயர் துணியில் ஏறுவது இதுதான் முதல் தடவை. அம்மன் பிறந்தநாளுக்கு ஆறு வாரம் இருந்தது. இரண்டு வாரத்தில் படம் கைக்கு வராவிட்டால் வேலையை லூகாங் ஊர் ஆட்களிடம் கொடுத்துவிடுவேன் என்று பட்டறை முதலாளி ஓவ் கறாராகச் சொல்லிவிட்டார்.

கிழட்டுப் பெட்டியோ அரை டிராகனுக்கு மேல் தாங்கவில்லை.

“முழுசாத் திறந்தா அப்படியே உறைஞ்சு போயிடுது. தலையை ஒரு நாள் பாக்குறேன், வாலை ஒரு நாள் பாக்குறேன். ரெண்டும் ஒரே டிராகனோடதுதானான்னு எனக்கே சந்தேகமா இருக்கு” என்றாள் பி-யுன், சாப்பாட்டு மேசையில்.

“ஜூன் வரைக்கும் பொறுத்துக்கோ. புது ப்ராசஸர் வருது. அது வந்தா பழசு விலை இறங்கும்.”

“அப்போ பழசை வாங்குவீங்களா?”

“புதுசு வந்தப்புறம் எவனாவது பழசை வாங்குவானா?”

பி-யுன் மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

தானே போய் எதையாவது வாங்கிவர அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஒரு தடவை அப்படித்தான் பிரிண்டர் வாங்கி வந்தாள். மனிதர் மூன்று வாரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார். அதுகூடப் பெரிதில்லை. அவர் தேர்ந்தெடுப்பதைவிட நன்றாக வேறு யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள் என்று அவளே நம்பினாள். வம்பு அங்கேதான். அவர் கையால்தான் வேண்டும். அவரோ தன் வீட்டுக்கென்றால் கை நீட்டமாட்டார்.

ஆனால் ஊராருக்கென்றால் அரை மணியில் நீட்டுவாரே?

மறுநாள் மதியம் மன்றத்தில் 'சேப்பங்கிழங்கு உருண்டை' என்ற பெயரில் புதிதாக ஒரு பெண்மணி எழுதினார். திரைச்சீலைக்குப் பூ வரைகிறேன், படம் பெரிதானால் பெட்டி நின்றுவிடுகிறது, வேலை கையைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது என்று சொல்லி, கீழே ஒரு மெனுவும் போட்டிருந்தார். அது பி-யுன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மெனுவை வேண்டுமென்றே கண்ணராவியாக எழுதியிருந்தாள். உதவி என்று கேட்டால் அவர் யோசிப்பார். தப்பாக ஒன்றைக் காட்டினால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கமாட்டார். இருபத்தாறு வருட அனுபவம்.

குன்-யாவ் அப்போது ஒரு ஆஸ்பத்திரி மாடியில், லிஃப்ட் இயந்திர அறையில் இருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி, இயந்திரம் சொன்ன பேச்சு கேட்க வேண்டுமென்று அங்கேயும் கட்டுப்பாட்டுப் பெட்டிமேல் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தார்கள். பச்சைப் பொட்டலமாக இருக்க வேண்டும், தேதி தாண்டியிருக்கக் கூடாது. தேதி தாண்டினால் இயந்திரம் முறைத்துக்கொள்ளும். அதன் தேதியைச் சரிபார்த்துவிட்டு, சோற்று டப்பாவைத் திறந்து, மறுகையால் போனைத் திறந்தவர் அந்த மெனுவைக் கண்டார். சோறு ஆறிப்போனது.

“அக்கா, இந்த மெனுவை எழுதித் தந்தவரை முதல்ல வீட்டை விட்டு அனுப்புங்க. பூ வரையறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு? உங்க பூ என்ன துப்பாக்கியா சுடப்போகுது?” என்று ஆரம்பித்தார். அந்தக் கார்டை எடுத்துவிட்டு ராமை இரண்டு மடங்காக்கச் சொன்னார். எந்த ப்ராசஸர் ஒரே வேலையை வேகமாக முடிக்கும் என்று சொன்னார். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது, வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி அது என்றார். வரைகிறவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாரே என்று சத்தமில்லாத மின்விசிறிகூடப் பார்த்து எழுதினார்.

அந்தப் பக்கத்திலிருந்து பணிவாகப் பதில் வந்தது. கட்டின புருஷனை அண்ணா என்று கூப்பிட வேண்டியிருந்தது பி-யுன்னுக்கு. அவர் அக்கா என்று கூப்பிட்டதற்கு அது சரியாய்ப் போயிற்று.

“நன்றி மின்விசிறி அண்ணா. ஆனா எங்க வீட்டுக்காரர் ஜூன் வரைக்கும் பொறுக்கச் சொல்றாரே?”

“அக்கா, உங்க வீட்டுக்காரர் அலை ஓஞ்சப்புறம் குளிக்கலாம்னு கரையிலயே நிக்கிற ஆளு. அந்த மாதிரி ஆளுங்க பேச்சைக் கேட்டா சாகுறவரைக்கும் அழுக்காத்தான் இருக்கணும். வேலை இருக்குறப்போ வாங்குறதுதான் நல்ல பெட்டி. நாளைக்கே போங்க.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதைத்தான்.

பி-யுன் சமையலறையில் நின்று இதைப் படித்துவிட்டு, சிரிப்பு அடங்கக் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, உங்க வீட்டுல என்ன பெட்டி வெச்சிருக்கீங்க அண்ணா என்று கேட்டாள். அதற்கு மட்டும் பதில் வர நேரமாயிற்று. அவள் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகுதான் வந்தது.

“பழசுதான். எங்க வீட்டம்மாவும் உங்கள மாதிரி வரையறவங்க. அவங்களுக்கு நான் வாங்கிக் குடுக்குறது தப்பாப் போயிடக்கூடாது. அந்தப் பயத்துலயே வருஷம் போயிட்டிருக்கு. பாவம், பொறுமைசாலி.”

கோபப்பட வேண்டிய இடம். அவள் அதை இன்னொரு தடவை படித்தாள். இருபத்தாறு வருடத்தில் இந்த மனிதர் இதை அவளிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். முகம் தெரியாத சேப்பங்கிழங்கிடம் போய்ச் சொல்கிறார். பொறுமைசாலி என்றது மட்டும் உறுத்தியது. அவள் பையை எடுத்து, தன் சேமிப்புப் புத்தகம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை குவாங்ஹுவாவில் கடைக்காரர் மெனுவை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, யார் எழுதியது, கை வைக்க இடமே இல்லையே என்றார். பி-யுன்னுக்குப் பெருமையாக இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை. அங்கேயே பூட்டி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தார்கள். ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் பெட்டியை வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தாள். நாலு மாடிக்கும் மாடிக்கு ஒரு தடவை இறக்கி வைத்துத் தூக்கினாள். லிஃப்ட் பார்க்கிறவரைக் கட்டிக்கொண்ட பலன்.

சாயங்காலம் குன்-யாவ் வந்து செருப்பைக் கழற்றினார். மேசைக்கு அடியில் புதுப் பெட்டியைப் பார்த்தவர் அப்படியே நின்றார். முகம் சுண்டிவிட்டது. என்னைக் கேட்காமலா என்று வாய்வரை வந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? குனிந்து பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் மாறிற்று.

“யாரு பாத்துக் குடுத்தாங்க?” என்றார். “விஷயம் தெரிஞ்ச ஆளுதான். பவர் சப்ளையில கை வைக்கல. வேண்டாத கார்டு இல்ல. சத்தம் போடாத மின்விசிறி…”

மின்விசிறியில் விரலை வைத்தவர் நிறுத்தினார். அதே மின்விசிறியை நேற்று அவர்தான் எழுதினார். மெல்லப் போனை எடுத்தார். அன்று மதியம் மன்றத்தில் அவரே ஒரு கேள்வி போட்டிருந்தார்: அக்கா, பெட்டி வாங்கியாச்சா, உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு? பதில் இன்னும் வரவில்லை.

“இன்னும் ஒண்ணும் சொல்லல அண்ணா” என்றாள் பி-யுன், சமையலறை வாசலில் நின்று. “இப்பத்தான் குனிஞ்சு பாத்துட்டிருக்காரு.”

குன்-யாவ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். காதுவரை சிவந்துவிட்டது. கொஞ்ச நேரம் திருகாணியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

“அழுக்காத்தான் இருக்கணும்னு நான்தான் சொன்னேனா?”

“சாகுறவரைக்கும்னு சொன்னீங்க.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். திரையில் டிராகன் முழுசாக வந்தது. கொம்பு, மீசை, ஆயிரக்கணக்கான செதில், வால் நுனி. எங்கேயும் நிற்கவில்லை. எதிரே இன்னொரு டிராகன் வந்தது. குன்-யாவ் எழுந்து வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். மனைவி வரைந்த பெரிய படம் ஒன்றை அவர் முழுதாகப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இத்தனை வருடம் மேகத்தையும் ஓரப்பூவையும்தான் பார்த்திருக்கிறார். இவ்வளவு பெரிதாக இவளுக்கு வரையத் தெரியும் என்பதே தெரியாமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நல்லா இருக்கு” என்றார். பிறகு, “நான் முன்னாடியே வாங்கியிருக்கணும்” என்றார்.

“தேர்ந்தெடுத்தது நீங்கதான். வாங்கினது மட்டும்தான் நான்.”

அவர் திடீரென்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கீழேயுள்ள கடையில் பச்சைப் பொட்டலங்கள் ஒரு வரிசையே இருந்தன. வழக்கமாகப் பத்தையும் திருப்பித் தேதி பார்த்து, பின் வரிசையிலிருந்து ஒன்றை உருவுகிறவர். அன்றைக்குக் கைக்கு வந்ததை எடுத்தார். பி-யுன் டிராகனின் ஒரு நகத்தைத் திருத்தி முடிப்பதற்குள் மேலே வந்து, மூச்சிரைக்கப் பெட்டிமேல் அதை வைத்தார்.

அவள் திருப்பித் தேதியைப் பார்த்தாள். இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது.

“ஐயோ” என்று கை நீட்டினார் குன்-யாவ். “இரு, மாத்திட்டு வரேன். நல்லதாப் பாத்து…”

“வேண்டாம்” என்று அவள் பொட்டலத்தை மறுபடி பெட்டிமேல் வைத்தாள். “டிராகன் அதுக்குள்ள முடிஞ்சிடும். நீங்க யோசிக்காம எனக்கு வாங்கித் தந்தது இது ஒண்ணுதான். இருக்கட்டும்.”