ஐந்தருவியில் முதல் கட்டு

ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸாக இது என் முதல் ஒப்பந்தம். சீசன் முடியும்வரை ஐந்தருவி முதலுதவிக் கூடாரம் என் பொறுப்பு. முதல் ஆள் பாறையில் வழுக்கி, முழங்கையைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கிறார். உச்சி முதல் பாதம்வரை எண்ணெய். ஸ்பிரிட் அரைக் குப்பி தீர்ந்தும் பிளாஸ்திரி ஒட்டவில்லை. துணி சுற்றினால் அது மணிக்கட்டுக்கு இறங்கிவிடுகிறது. இந்த ஒரு கட்டு நின்றால்தான் நான் நர்ஸ் என்று எனக்கே நம்பிக்கை வரும்.

பக்கத்தில் மசாஜ் பெஞ்சு போட்டிருப்பவரிடம் போகிறேன். “அண்ணாச்சி, எண்ணெயைக் கொஞ்சம் குறைச்சுத் தேய்க்கக் கூடாதா?”

“குறைச்சா சண்டைக்கு வருதாங்க, சிஸ்டர். அருவியில போயி நிக்கச் சொல்லுங்க, எல்லாம் போயிரும்.”

வேறு வழியில்லாமல் அடிபட்டவரை அருவிக்கு அனுப்புகிறேன். எண்ணெய் போய்த் திரும்பி வருகிறார். இப்போது முழங்காலிலும் ரத்தம். இரண்டு பிளாஸ்திரியும் அழகாக ஒட்டுகின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அண்ணாச்சிக்கும் அப்படித்தான் போல. பெஞ்சு அருகே தயங்கி நிற்கும் இரண்டு பேருக்கு என் கூடாரத்தைக் காட்டுகிறார். “பயப்படாம படுங்க. வழுக்கி விழுந்தா, நம்ம நர்ஸம்மா இங்கனதான இருக்காங்க.”