கொண்டை ஊசி வளைவில் மூக்கைப் பொத்தியவன்

"சார், கனவுக்குள்ள இருக்கறப்பவே அது கனவுன்னு தெரிஞ்சுக்க முடியுங்களா?" என்று வகுப்பில் ஒருமுறை குமரேசன் கேட்டான். பழகினால் முடியும் என்றேன்.

இன்று மலைமேல் இருக்கும் செம்மேட்டிலிருந்து கீழே சேந்தமங்கலத்துக்கு, இப்போது ஓட்டுநராகிவிட்ட அவன் ஓட்டிய வேனில் வந்தேன். பின்னால் மிளகு மூட்டைகளோடு பெண்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து மூக்கைப் பொத்தினான்.

"என்னடா பண்றே?"

"பொத்துனாலும் மூச்சு வந்தா அது கனவுங்க சார். பகல்ல அடிக்கடி செஞ்சு பழகுனா கனவுலயும் செய்வோமாம். விடியறதுக்கு முன்னாடி அலாரம் வெச்சு எந்திரிச்சுட்டு மறுபடி தூங்கணுமாம், அப்பத்தான் அந்தக் கனவு வருமாம். யூடியூப்ல சொன்னாங்க."

"அப்பத் தூக்கம்?"

"கொஞ்சம் கம்மிதானுங்க."

பின்னாலிருந்து ஓர் அம்மா, "நாங்க கனவில்ல சாமி, நெசமாத்தான் உக்காந்திருக்கோம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை; வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, வகுப்பில்கூட யாரையும் திட்டாத அளவுக்குத் திட்டினேன். கனவில் பள்ளத்தில் விழுந்தால் விழித்துக்கொள்ளலாம். இங்கே விழுந்தால்? அவன் முகம் கழுவி, டீ குடித்த பிறகுதான் வண்டியை எடுக்கவிட்டேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

மலை வண்டியில் ஏறும் முன் ஓட்டுநரிடம், "ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள்.