மாமா பக்கத்தில் நின்றார்

சிட்னியிலிருந்து கொமோடோ தீவுக்கு நானும் கணவரும் மாமாவும், அதாவது அவருடைய அப்பாவும், போயிருந்தோம். நடக்கத் தொடங்குமுன், யாருக்காவது காயமோ மாதவிடாயோ இருக்கிறதா என்று வழிகாட்டி கேட்டார். இரத்த வாடைக்கு ராட்சத உடும்புகள் வருமாம். சொன்னால் தன் அருகிலேயே நடக்கலாமாம். எனக்கு இரண்டாம் நாள். மாமா பக்கத்தில் நின்றதால் வாய் திறக்கவில்லை.

கடைசி ஆளாக நடந்தேன். பற்றைச் செடிகளுக்குள்ளிருந்து வந்த உடும்பு ஒன்று நாக்கை நீட்டியபடி என் பின்னாலேயே வந்தது. ஓடத் தோன்றவில்லை. வழிகாட்டி ஓடிவந்து கவைத்தடியால் அதைத் தள்ளித் திருப்பினார்.

படகில் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“அங்கயே ஏன் சொல்லேல்லை?”

“மாமா நிண்டவர்.”

முன்பெல்லாம் கோயிலுக்குப் போக முடியாத நாட்களில் மாமாவிடம் தலையிடி என்பேன். இப்போது, “எனக்குப் பீரியட்ஸ், மாமா” என்கிறேன்.

“ஓம் பிள்ளை, நான் கோயிலுக்குப் போட்டு வாறன்” என்கிறார். அவ்வளவுதான்.