தோற்ற ஹெவி வெயிட்டுகளுக்கு நான் போட்ட மார்க்

குத்துச்சண்டையில் ஜெயித்தவரை அறிவிக்க நடுவர் இருக்கிறார். தோற்றவரைப் பற்றி எழுத ஆள் தேவைப்பட்டால் வேலையில்லாத பட்டதாரியைக் கூப்பிடுகிறார்கள். பி.காம். முடித்துவிட்டு எம்ப்ளாய்மெண்ட் கார்டைப் புதுப்பிக்க வரிசையில் நின்றவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், ஆவடியில் ஒரு குத்துச்சண்டை மன்றத்தில் மூன்று மாதத் தற்காலிக வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், கொடுத்த நாற்காலியில் சாய்ந்து உட்காரவே பயமாக இருந்தது.

வேலை என்னவென்றால்

மன்றத்துக்குப் புதிதாக ஒரு பயிற்சிக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு, ஒருமுறைகூடச் சாம்பியன் ஆகாத பழைய ஹெவி வெயிட் வீரர் ஒருவரின் பெயரை வைப்பதென்று கமிட்டி முடிவு செய்திருந்தது. ஒரு காலத்தில் ராஜமாணிக்கம் என்பவரே வருஷா வருஷம் அந்த எடையில் பட்டம் வாங்கியதால், அவரோடு மோதிய யாரையும் ஊருக்குத் தெரியாமல் போய்விட்டது. அவர்களில் மூன்று பேர் இன்னும் இருந்தார்கள். மூவரையும் விசாரித்து, யார் பெயர் வைக்கலாம் என்று நான் அறிக்கை எழுத வேண்டும்.

நான் குத்துச்சண்டையை சினிமாவில்தான் பார்த்திருக்கிறேன். பின்னால் தெரிந்து வேலை போவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று செயலாளர் பரமசிவம் சாரிடம் சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "அதுக்காகத்தான்யா உன்னை எடுத்தேன். பாத்தவன் எல்லாம் ஆளுக்கொரு கட்சி."

நான்கு வெள்ளி

நூறு மார்க்குக்கு ஒரு படிவம் தயாரித்தேன். பதக்கத்துக்கு நாற்பது, ஜெயித்த சண்டைகளுக்கு முப்பது, எதிராளியின் தரத்துக்கு முப்பது. பரீட்சை எழுதியே வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்?

முதலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் இருந்த ஏழுமலை அண்ணனைப் பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து நான்கு வெள்ளிப் பதக்கங்களை எடுத்து வைத்தார். எனக்குக் கை பரபரத்தது. நாற்பதுக்கு முப்பத்தைந்து போட்டுவிட்டு, அரையிறுதியில் யார் யாரை ஜெயித்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய உடம்பு யாருக்கும் கிடையாதாம்; ஹெவி வெயிட்டுக்குப் பெயர் கொடுப்பதே இரண்டு பேர்தானாம். எடை பார்த்து முடிந்தால் நேரே இறுதிப் போட்டி. தோற்றால் வெள்ளி.

அப்படியானால் ஜெயித்த சண்டை? ஒன்றுமில்லை. நான் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவரே ஆறுதலாகச் சொன்னார்: "நாலு தபா ஃபைனல் ஆடிக்கீறேன் நைனா. ரெண்டாவது ரவுண்டு எப்டி கீதுன்னு ஒரு தபா கூட பாத்ததில்ல."

பூஜ்ஜியம்

பூந்தமல்லியில் மெத்தைக் கடை வைத்திருந்த காதர் பாயைப் பற்றி எல்லோரும் ஒரே கதையைச் சொன்னார்கள். அவரும் ராஜமாணிக்கமும் ஒரே மன்றம். பயிற்சியில் தினமும் அவருடன் மோதியவர் இவர்தான், பல நாள் கீழே தள்ளியும் இருக்கிறார். ஆனால் ஓர் எடைக்கு ஒரு மன்றத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்பலாம் என்பது விதி. ராஜமாணிக்கம் ஆடிய எட்டு வருஷமும் அவரைத்தான் அனுப்பினார்கள். பாய் ஒரு போட்டியிலும் ஏறவில்லை.

படிவத்தில் எழுத ஒரு வரியாவது வேண்டுமே என்று, "பாய், அவரை நீங்கள் வீழ்த்தியது உண்மையா?" என்று கேட்டேன். பஞ்சைக் குத்திக்கொண்டிருந்த கை நின்றது. தலையணை உறையை உதறி, மடித்து, மறுபடி உதறினார். அவருக்கு அந்தப் பெயர் வேண்டும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கட்டடத்துக்கு எந்த வண்ணம் அடிக்கிறார்கள் என்று ஏற்கெனவே இரண்டு முறை விசாரித்திருந்தார். ஆனால் பயிற்சியில் நடந்ததை வெளியே சொல்வது அவர்களுக்குள் வழக்கமில்லை. கடைசியில் சொன்னார்: "பிராக்டீஸ்ல விழுந்தவனை வெளியில காட்டிக் குடுக்கக் கூடாது தம்பி. நீங்க சைபரே போட்டுக்குங்க."

முப்பது வருஷ வசவு

மூன்றாமவர் மைக்கேல் சார், ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ராஜமாணிக்கத்துடன் மூன்று முறை மோதி, மூன்று முறையும் கடைசி ரவுண்டு வரை நின்று, புள்ளியில் தோற்றவர். நடுவர் ஏமாற்றிவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. அவருடைய மனைவி காபியோடு அந்தப் பேச்சையும் சேர்த்தே கொடுத்தார். அந்த நடுவர் வீட்டில் விளக்கே எரியாது என்றார்.

எனக்கு நிம்மதி. இவருக்கு மார்க் போடுவது சுலபம். சம்பிரதாயத்துக்காக, "உண்மையில் ஜெயித்தது நீங்கள்தானே சார்?" என்றேன். மைக்கேல் சார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இல்லப்பா, நான்தான் தோத்தேன். மூணு தடவையும். நல்லாவே தோத்தேன்" என்றார். காபி டம்ளரை எடுக்க வந்த அவர் மனைவி அப்படியே நின்றுவிட்டார்: "இத்தன வருசமா அந்த மனுசன நான் ஏசும்போதெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீய?"

ஜெயித்தவரிடம் போனேன்

நான்கு வெள்ளி வாங்கியவர் ஒரு சண்டையும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தவர் போட்டியிலேயே இல்லை. ஏமாற்றப்பட்டவர் ஏமாற்றப்படவில்லை என்கிறார். வேறு வழியில்லாமல் மாங்காட்டில் ராஜமாணிக்கம் ஐயாவையே தேடிப் போனேன். உங்களைக் கஷ்டப்படுத்தியவர் யார் என்று கேட்டால் காதர் பாய் பெயரோ மைக்கேல் சார் பெயரோ வரும், அதோடு முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

அவர் ஏழுமலை என்றார். ஏழுமலைக்கு அந்த எடையே கிடையாதாம். ஹெவி வெயிட்டுக்கு ஆள் இல்லாமல் விட்டால் அவருடைய டீம் புள்ளியை இழக்கும் என்பதற்காக, எடை பார்க்கும் அன்று காலையில் வாழைப்பழமும் சொம்பு சொம்பாகத் தண்ணீரும் உள்ளே தள்ளி, தராசு முள்ளை நகர்த்திவிட்டு ரிங்கில் ஏறுவாராம். விழுவோம் என்று தெரிந்தே நான்கு வருஷம் வந்திருக்கிறார். ஐயா தன் வலது கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்: "மத்தவங்ககிட்ட அடி வாங்கப் பயந்தேன். அவன் ஒருத்தனை அடிக்கத்தான் பயந்தேன்."

கூட்டிக் கழித்து

பத்து நாள் அழித்து அழித்து எழுதியதில் தாள் ஓட்டையாகிவிட்டது. படிவத்தைத் தூர வைத்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடியே நாற்பது பக்கம் எழுதினேன். ஒருவர் பெயரைச் சொல்லும் தைரியம் வரவில்லை. தவறான பெயரை எழுதிவிட்டால் மற்ற இரண்டு பேருக்கும் இனி ஒரு வாய்ப்பு ஏது? "முடிவைக் கமிட்டிக்கே விடுகிறேன்" என்று கடைசி வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கமிட்டி அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. பரமசிவம் சார் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சிலில் ஒரே பெயருக்கு அடிக்கோடு போட்டிருந்தது. அவர் சாதாரணமாகச் சொன்னார்: "மூணு பேரும் அவரைப் பத்தித்தானேய்யா பேசியிருக்காங்க? யாருக்கும் மனக்கஷ்டம் வேணாம்னு ராஜமாணிக்கம் பேரையே வெச்சுட்டோம்."

திறப்பு விழா

மூவரும் வந்திருந்தார்கள். மைக்கேல் சார் மனைவியுடன் பின் வரிசையில் உட்கார்ந்தார். காதர் பாய் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்க்காமல், ரிங்கின் தரையை அழுத்திப் பார்த்து, பஞ்சு போதாது என்றார். ராஜமாணிக்கம் ஐயா மேடையில் ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிவிட்டார்.

நான் ஏழுமலை அண்ணனிடம் போய், எல்லாம் என் தப்பு, ஒரு பெயரைத் துணிந்து எழுதியிருக்க வேண்டும் என்றேன். அவர் பலகையை நன்றாகப் படித்துவிட்டு என் தோளில் கையைப் போட்டார்: "வுடு நைனா. தனித்தனியா அவராண்ட தோத்துகினு இருந்தோம். மூணு பேரும் ஒண்ணா தோத்தது இதான் மொத தபா."

கவனக்குறைவாக எழுதுகிறவனிடம் ஒரு பெயர் விட்டுப்போகலாம். அத்தனை கவனமாக எழுதிய என்னிடம் மூன்று பெயர் விட்டுப்போயின.